அம்மாவின் வாசற்கதவு: உள்ளிருந்து திறக்க இருபது நிமிடம் ஆன பூட்டு

போன வருடம் நவம்பரில் ஒரு விடியற்காலை. மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி வீடு. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள், வயது 74. இரவு முழுக்க மழை, கரண்ட் போய்விட்டது. ஐந்தரை மணி வாக்கில் ஹாலில் இன்வெர்ட்டர் பக்கமிருந்து ரப்பர் கருகும் வாடை. பயந்துபோன அம்மா, முதலில் வெளியே போய்விடுவோம் என்று வாசலுக்கு வந்திருக்கிறாள்.

மேல் தாழ்ப்பாள் ஆறடி உயரத்தில் இருக்கிறது. அம்மா நாலடி பத்தங்குலம். தினமும் முக்காலி போட்டுத்தான் அதை இறக்குவாள். அன்றைக்கு இருட்டில் முக்காலியைத் தேட வேண்டியிருந்தது. அப்புறம் குனிந்து கீழ்த் தாழ்ப்பாள். அப்புறம் சாவி. சாவி சுவாமி அலமாரியில் விளக்குக்குப் பின்னால் இருக்கும். கதவிலேயே விட்டுவைத்தால் திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் திறந்துவிடுவானாம். எங்கள் கதவில் கண்ணாடியே கிடையாது என்பது வேறு விஷயம்.

சாவியைப் போட்டுத் திருப்பினால் பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சத்தம் கேட்டு எதிர் வீட்டு அக்கா ஓடி வந்தார். அவரிடம் மாற்றுச் சாவி உண்டு, இந்த மாதிரி நேரத்துக்காகவே நான் கொடுத்து வைத்தது. கிரில் கேட்டின் கம்பிக்கு நடுவே கையை விட்டுச் சாவியைச் செருகப் பார்த்தார், நுழையவில்லை. உள்ளே ஒரு சாவி பாதி திரும்பி நிற்கும்போது வெளிச்சாவிக்கு ஓட்டையில் இடம் ஏது? "சாவியை வெளியே இழுங்கம்மா" என்று இவர் சொல்ல, "வரலையே" என்று அம்மா அழ, கடைசியில் அக்காவின் பையன் கம்பிக்குள் கையை விட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கினான். "பாட்டி, இப்ப திருப்புங்க." திரும்பிவிட்டது.

அதன் பிறகும் கிரில் கேட்டில் ஒரு பூட்டு மிச்சம். அந்தச் சாவியைக் கம்பி வழியாகக் கொடுத்து, அக்கா அதைத் திறந்து, அம்மா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தபோது மணி ஐந்து ஐம்பது. இன்வெர்ட்டரில் ஒரு வயர் இணைப்பு கருகியிருந்தது, அவ்வளவுதான். பையனே அணைத்துவிட்டான். வேளச்சேரியிலிருந்து நான் போய்ச் சேர ஒன்பது மணி ஆனது. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரம், ஆனால் அது நவம்பர் மழை.

"பூட்டை மாத்திடு, பழசாயிடுச்சு" என்றார்கள் எல்லோரும். எனக்கு அந்தப் பையன் செய்த காரியம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டில் கோளாறு என்றால் கதவைத் தூக்கியதும் ஏன் திறக்க வேண்டும்?

கதவா, பூட்டா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். 1988-இல் கட்டிய வீடு. தேக்குக் கதவு, 38 மி.மீ. தடிமன். பூட்டு, கதவின் தடிமனுக்குள் குடைந்து வைத்த ஆறு லீவர் பூட்டு. உள்ளேயும் வெளியேயும் சாவிதான். இரண்டு சுற்று திருப்ப வேண்டும்.

முதல் சோதனைக்கு ஒரு பொருளும் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி போனது. கதவை மூடிக்கொண்டு திருப்பினேன். எனக்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆக, பூட்டின் வயிற்றில் பெரிய கோளாறு இல்லை. நாக்கு நிலையில் போய் நுழையும் இடத்தில்தான் எங்கோ உரசுகிறது.

எங்கே என்று பார்க்க அம்மாவே வழி சொன்னாள். குங்குமத்தைக் குழைத்து நாக்கின் முனையில் தடவி, கதவை மூடி, சாவியைத் திருப்பிவிட்டுத் திறந்து பார்த்தோம். நிலையில் பதித்த பித்தளைத் தகட்டின் கீழ் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. கதவு பூட்டுப் பக்கம் மூன்று மி.மீ. இறங்கியிருந்தது. மேல் கீலைப் பார்த்தால், நான்கு திருகாணியில் இரண்டு சும்மா சுற்றின. முப்பத்தைந்து வருடம் கனமான தேக்கைத் தாங்கிய கீல், பாவம். அதோடு மழைக்காலம் வேறு. மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக வளராது, அகலவாக்கில் உப்பும். சென்னைக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. எங்கள் கதவு வருடத்தில் ஒன்பது மாதம் நல்ல பிள்ளை, மூன்று மாதம் முரண்டு. அந்த மூன்று மாதமும் "மழைன்னா கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு இறுக்கம் என்று ஒரு கணக்கு வேண்டும் என்று தோன்றியது. சாவித் தலையின் ஓட்டையில் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் செருகி, சாவியின் நடுவிலிருந்து பத்து செ.மீ. தள்ளி நூல் கட்டி, ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை போடும் கொக்கித் தராசை அதில் மாட்டி இழுத்தேன். கதவு திறந்திருக்கும்போது 400 கிராமில் திரும்பியது. மூடியிருக்கும்போது 1.2 கிலோ.

1.2 கிலோ பெரிதாகத் தெரியாது. ஆனால் அது பத்து செ.மீ. நெம்புகோலின் முனையில். சாவித் தலையின் அகலம் இரண்டரை செ.மீ.தான். அதே திருப்பத்தை அந்தச் சின்னத் தலையில் கொடுக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் ஒரு பக்கமும் ஆள்காட்டி விரல் மறுபக்கமும் ஆளுக்கு ஐந்து கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். அம்மாவுக்குக் கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். நுனி விரலில் கிள்ளிப் பிடிக்கும்போது அந்த மூட்டில் விழும் சுமை, விரல் நுனியில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஊறுகாய் பாட்டிலையே முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திறக்கிறவள் அவள். அந்தக் கையைத்தான் தினமும் ஐந்து கிலோ கிள்ளச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாவி ஓட்டையிலிருந்து கரேல் என்று ஒரு பிசின் வந்தது. தேங்காய் எண்ணெய். பூட்டு இறுகினால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பென்சில் முனையைச் சீவிய கரித்தூள் போதும். கிராஃபைட் பொடி என்று ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும்.

கீலைச் சரி செய்துவிட்டு இதே பூட்டையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் இறுக்கம் தீர்ந்தாலும் இருட்டில் சாவி தேடுவது தீராது, உள்ளே சாவி நின்றால் வெளிச்சாவி நுழையாததும் தீராது. அன்றைக்கு வாடை மட்டும் வந்தது. புகை வந்திருந்தால்? தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில், தீப்பாதுகாப்பு பற்றிய நான்காம் பகுதி, வெளியேறும் வழியிலுள்ள கதவுகள் உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆபீஸ், தியேட்டர், மண்டபம் என்றால் இதைப் பார்க்க யாராவது வருவார்கள். நம் வீட்டு வாசற்கதவை யாரும் வந்து பார்ப்பதில்லை. நாமும் எத்தனை பூட்டு, எத்தனை தாழ்ப்பாள் என்று வெளியே இருப்பவனை நினைத்தே எண்ணுகிறோம்.

செம்புதாஸ் தெருவில்

பாரிமுனை செம்புதாஸ் தெருவில் இரண்டு மணி நேரம் அலைந்தேன். மாம்பலத்திலேயே கிடைக்கும்தான், ஆனால் பத்து வகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

முதலில் காட்டியது கைரேகைப் பூட்டு. உள்ளே ஒரு குமிழைத் திருப்பினால் போதும், சாவியே வேண்டாம். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரலை ரேஷன் கடை மெஷினே மூன்று தடவை கேட்கிறது. பேட்டரி தீரப் போகிறது என்று பூட்டு கத்தினால் அம்மா அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள் என்ற கேள்வியும் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அடுத்தது நைட் லாட்ச். உள்ளே குமிழ், வெளியே சாவி, விலையும் குறைவு. இதில் ஒரு வினை உண்டு: கதவு சாத்திக்கொண்டாலே பூட்டிக்கொள்ளும். மத்தியானம் கடற்காற்று திரும்பும் நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவு படார் என்று அடிக்கும். குப்பை வைக்க வாசலுக்கு வந்த அம்மா வெளியே, சாவி உள்ளே, அடுப்பில் பால். இதுவும் வேண்டாம்.

எடுத்தது இது: கதவுக்குள் குடைந்து வைக்கும் பெட்டி, இரண்டு பக்கமும் அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடி, நடுவில் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர், அதாவது சாவி போடும் உருளை. சிலிண்டரின் வெளிப்பாதியில் சாவி, உள்பாதியில் குமிழ். உள்பாதியில் சாவி ஓட்டையே கிடையாது என்பதால் யாரும் உள்ளே சாவியை விட்டு வெளிச்சாவிக்கு வழி மறிக்க முடியாது. அக்காவிடம் இருக்கும் மாற்றுச் சாவிக்கு இப்போதுதான் அர்த்தம் வந்தது. நாக்கு ஒரே சுற்றில் முழுதாக வெளியே வரும் பெட்டியாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு சுற்றுப் பெட்டி என்றால் அம்மாவின் மணிக்கட்டு நாலைந்து தடவை பிடி மாற்ற வேண்டும்.

இதைவிட நல்லது ஒன்று உண்டு. உள் கைப்பிடியை அழுத்தினாலே லாட்சும் (கதவைச் சாத்தினாலே விழும் சின்ன நாக்கு) பூட்டு நாக்கும் சேர்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை, ஹோட்டல் அறைகளில் பார்த்திருப்பீர்கள். குமிழைத் திருப்பும் வேலைகூட இல்லை. கடைக்காரர் மூன்று வாரம் ஆகும் என்றார், விலையும் இரண்டு மடங்குக்கு மேல். மழை இன்னும் முடியவில்லை, எனக்குப் பொறுமை இல்லை. இன்றைக்கு யாராவது கேட்டால் அந்த மூன்று வாரம் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.

பொருத்திய நாள்

கோடம்பாக்கத்திலிருந்து ஒரு தச்சர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. பூட்டைப் பிரிக்கப் போனவரிடம், "முதல்ல கீலைப் பாருங்கண்ணே" என்றேன். மேல் கீலின் ஓட்டைகளில் மூங்கில் சிம்பைப் பசை தடவி அடித்து இறுக்கி, பழைய திருகாணிக்குப் பதில் நிலைக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகாணி போட்டார். கதவு கண்ணெதிரே எழுந்தது. இது அரை மணி நேர வேலை. பாதி வியாதி இங்கேயே போய்விட்டது.

பழைய பூட்டின் குழி சின்னது, புதுப் பெட்டி ஆழம் அதிகம். உளியால் குடைந்து முடிக்க இரண்டு மணி நேரம். ஹால் முழுக்கத் தேக்கு வாசனை. அம்மா அதை மட்டும் ரசித்தாள். நிலையில் புதுத் தகடு பதிக்கும் முன் மறுபடி குங்குமம் தடவிக் குறி பார்க்கச் சொன்னேன். தச்சர் ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் "நல்ல ஐடியாதான்" என்று அவரே தடவினார். மழைக்கு மரம் உப்பும் என்பதால் தகட்டின் ஓட்டையை மேலும் கீழும் அரத்தால் கொஞ்சம் தாராளமாக ராவிவிட்டார்.

சிலிண்டரில் ஒரு தப்பு நடந்தது. கடைக்காரர் கொடுத்தது 70 மி.மீ. கதவு 38, இரண்டு பக்கக் கைப்பிடித் தகடும் பத்துப் பத்து, மொத்தம் 58. அப்படியானால் பக்கத்துக்கு ஆறு மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். "அதனால என்ன மேடம், நல்லாத்தானே இருக்கு?" என்றார் தச்சர். இந்த வகைச் சிலிண்டருக்கு நடுவில் திருகாணி போகும் இடம்தான் மெலிவு. வெளியே துருத்தும் முனையைக் குறடால் கவ்வி முறுக்கினால் அந்த இடத்தில் ஒடியும். வெளிப்பக்கம் தகட்டோடு மட்டமாக, மிஞ்சினால் ஓரிரு மி.மீ. நீட்டிக்கொண்டு இருப்பதுதான் சரி. மறுநாள் போய் 60 மி.மீ.க்கு மாற்றி வந்தேன்.

மாற்றும் சாக்கில் குமிழையும் மாற்றினேன். முதலில் வாங்கியது உருண்டையாக, வழவழவென்று, இரண்டு செ.மீ. சுற்று. என் கைக்குச் சுலபம். அம்மா பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வந்து திருப்பினாள், வழுக்கியது. மறுபடி வழுக்கியது. "இதுக்கு என் சாவியே தேவலை" என்றாள். கடையில் அம்மா கையால் திருப்பிப் பார்க்காமல் என் கையால் திருப்பிப் பார்த்து வாங்கிய புத்தி என்னுடையது. இரண்டாவதாக வாங்கியது தட்டையாக, காது வைத்த மாதிரி, நாலரை செ.மீ. அகலம். விரலால் கிள்ள வேண்டியதில்லை, உள்ளங்கை ஓரத்தால் தள்ளினாலே சுற்றுகிறது. அதே நூல், அதே தராசு: கதவு மூடிய நிலையில் 300 கிராம்.

செலவு: பெட்டியும் கைப்பிடியும் 3,400 ரூபாய், சிலிண்டர் 1,150, தச்சர் கூலி 1,800, திருகாணி வகையறா 60. ஆக 6,410.

அம்மாவின் கட்சி

"சாவி இல்லாம திறக்குதுன்னா அது என்னடி பூட்டு?" இதுதான் அம்மாவின் முதல் கேள்வி. வாயால் சொல்லிப் பயனில்லை. அவளிடம் சாவி கொடுக்காமல் வெளியே நிற்க வைத்து, உள்ளே குமிழைத் திருப்பினேன். கைப்பிடியை அழுத்தினாள், ஆட்டினாள், தோளால் இடித்தாள். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்து, "சரி, திற" என்றாள்.

ஒரு பழக்கம் மட்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பூட்டில் கதவைச் சும்மா சாத்தினால் லாட்ச் மட்டும்தான் விழும். வெளியே கைப்பிடியை அழுத்தி யாரும் உள்ளே வந்துவிடலாம். பகலிலும் குமிழை ஒரு சுற்று திருப்பியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினால் பூட்டும் என்று தெரிய நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன்.

தாழ்ப்பாள்தான் பெரிய சண்டை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு அம்மா மயங்கி விழுந்தால் அக்காவின் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்ற ஒப்புக்கொண்டாள், மேலே இருப்பதை இனிமேல் போட மாட்டேன் என்றாள். ஒரு வாரம் கழித்துப் போனால் முக்காலி கதவருகே நின்றது. நான் ஒன்றும் கேட்காமல், ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேல் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன். அது அவள் வீடு, அவள் கதவு. கேட்காமல் கழற்றியிருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே போனில் சொன்னாள்: "ராத்திரி யாராவது பெல் அடிச்சா யாருன்னு தெரியலைடி. அதான் தாழ்ப்பாள் இருந்தா தைரியமா இருக்கும்." கதவில் லென்ஸ் இருக்கிறது. அப்பா உயரத்துக்கு வைத்தது. அப்பா போய் ஒன்பது வருடமாக அம்மா அந்தக் கதவின் வழியாக யாரையும் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. தச்சரை மறுபடி கூப்பிட்டு, தரையிலிருந்து நாலரை அடியில் இன்னொரு லென்ஸ் போட்டோம். அதற்குப் பிறகு தாழ்ப்பாள் பேச்சு எடுக்கவில்லை.

இந்த அக்டோபரில் நல்ல மழை பெய்த ஒரு வாரம் முடிந்ததும் தராசோடு போனேன். 350 கிராம். 50 கிராம் ஏறியிருக்கிறது, பரவாயில்லை. விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்து வாசலைத் திறக்கச் சொல்லி மொபைலில் நேரம் பார்த்தேன். பதினெட்டு விநாடி. அதில் பாதி, செருப்பைத் தேடியது.

கிரில் கேட் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் தொங்குவது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, அப்பா பழனிக்குப் போன வழியில் வாங்கி வந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்துவிட்டு அம்மா அதற்கு ஒரு துடைப்பு துடைத்தாள், கழற்றவெல்லாம் விடமாட்டாள். கேட்டுக்கும் உள்ளே குமிழ் வைத்த பூட்டு போடலாம், ஆனால் கம்பி இடுக்கில் கையை விட்டால் குமிழ் எட்டிவிடும். சுற்றிலும் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் கடைக்காரர் பொங்கல் கழித்து வருகிறேன் என்றார். அந்தப் பொங்கல் போய்விட்டது, அடுத்தது வரப்போகிறது. அதுவரை, அம்மா வீட்டில் இருக்கும்போது மாங்காய்ப் பூட்டு கேட்டில் சும்மா மாட்டியிருக்கும், அழுத்திப் பூட்டாமல். தெருவிலிருந்து பார்த்தால் பூட்டியிருப்பது போலத்தான் தெரியும்.